மே மாத மாலை நடை: சித்திரை வீதியா, மாசி வீதியா?

மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி நடக்க நினைத்தால் முதல் தேர்வு சித்திரை வீதிகள். வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தையின் கையை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்கலாம். ஒரே தொல்லை, தரை. பகலெல்லாம் வெயில் குடித்த கல் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கும். கோபுர வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளங்காலே சொல்லிவிடும். ஏழரைக்கு மேல் போங்கள்.

இரண்டு சுற்று வெளியே மாசி வீதிகள். தேரோடும் அகலம்தான், ஆனாலும் ஆட்டோவும் ஹாரனும் விடாது. தாகம் எடுத்தால் மட்டும் இந்தப் பக்கம்தான் வசதி: பாலைச் சுண்டக் காய்ச்சி, கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் சேர்த்த ஜிகர்தண்டா.

பெரியவர்களோடு என்றால் யோசிக்காமல் சித்திரை வீதி என்பேன். தனியாக என்றால் எனக்கு மாசி வீதியின் இரைச்சல்தான் பிடிக்கும். ஐப்பசி மழையிலும் அப்படித்தான், ஒதுங்க அங்கே கடைவாசல்கள் உண்டு.