ஆன்லைனில் வாங்கும் ஸ்கூபா கருவிகள்: கடையின் உத்தரவாதமா, தயாரிப்பாளரின் உத்தரவாதமா?

என்னிடம் இரண்டு ரெகுலேட்டர்கள், அதாவது நீருக்கடியில் சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவிகள், இருக்கின்றன. முதலாவதை, தயாரிப்பாளரின் அங்கீகாரம் இல்லாத ஓர் ஆன்லைன் கடையில், அந்தக் கடையே எழுதித் தந்த மூன்றாண்டு உத்தரவாதத்தோடு வாங்கினேன். இரண்டாவதை, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் ஒருவரிடம் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தோடு வாங்கினேன், அதுவும் ஆன்லைனில்தான். ஆகவே இது ஆன்லைன் வணிகத்துக்கும் நேரில் போய் வாங்கும் கடைக்கும் இடையிலான வழக்கு அன்று. இரண்டு பெட்டிகளும் கூரியரில்தான் வந்தன, இரண்டிலும் இருந்தவை புத்தம் புதிய, உண்மையான சரக்குகள்தாம். பழுது என்று வந்தபோது யார் பொறுப்பேற்றார்கள், எந்தப் பட்டறையில் கருவி திறக்கப்பட்டது என்பதில்தான் இரண்டும் வேறுபட்டன. இரண்டு வழிகளையும் அனுபவித்துப் பார்த்த பிறகு, ரெகுலேட்டரைப் பொறுத்தவரை தயாரிப்பாளரின் உத்தரவாதத்தின் பக்கமே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகமூடி, ஃபின், ஸ்நார்க்கல், கையுறை போன்றவற்றுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. அவற்றில் குறை இருந்தால் முதல் சில முக்குளிப்புகளிலேயே தெரிந்துவிடும்; எந்தக் கடையானாலும் மாற்றித் தந்துவிடும். வெட்சூட்டில், அதாவது குளிர் தாங்க அணியும் நீச்சலுடையில், தையல் பிரிந்தால் கேட்கலாம். ஆழத்தின் அழுத்தத்தில் அதன் நுரை ரப்பர் (நியோப்ரீன்) நசுங்கி மெலிவதை எந்த உத்தரவாதமும் ஏற்பதில்லை. யாரிடம் மலிவோ அவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

ரெகுலேட்டர் அப்படிப்பட்டதன்று. சிலிண்டருக்குள் 200 அல்லது 232 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் இருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி, சிலிண்டரில் பூட்டும் முதல் நிலை குறைக்கிறது. அந்த இடைநிலை அழுத்தத்தை, நாம் மூச்சிழுக்கும் போதெல்லாம் நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவருகிறது வாயில் கவ்வும் இரண்டாம் நிலை. இந்த வேலையைச் செய்பவை ஓரிரு உலோக விளிம்புகளும், அவற்றில் அமர்ந்து அடைக்கும் ‘இருக்கை’ எனப்படும் நெகிழித் துண்டுகளும், கைப்பிடி அளவு ஓ-ரிங்குகளும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்)தாம். இவை தேயக்கூடியவை. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 முக்குளிப்புகளுக்கு ஒருமுறை பிரித்து, தேயும் பாகங்களை மாற்றிப் பூட்ட வேண்டும் என்பது பரவலான வழக்கமாக இருக்கிறது. இரண்டாண்டு இடைவெளி தரும் தயாரிப்பாளர்களும் உண்டு.

இப்போது இரண்டு உத்தரவாத அட்டைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், முன்பக்கத்தில் பெரிய வேறுபாடு தென்படாது. பொருளிலும் செய்நேர்த்தியிலும் உள்ள குறைகளுக்கு இருவருமே பொறுப்பேற்கிறார்கள். தேயும் பாகங்களை இருவருமே விலக்குகிறார்கள். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் சில சமயம் கடையின் உத்தரவாதமே நீளமாகத் தோன்றும். பின்பக்கத்தில்தான் உண்மையான பொருள் இருக்கிறது. ஆண்டு சர்வீஸ் தவறாமல் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இரண்டிலும் இருக்கும். ஆனால் அந்த சர்வீஸை எங்கே செய்யலாம் என்பதில் இரண்டும் நேர் எதிரானவை. தயாரிப்பாளரின் அட்டை, அவருடைய அங்கீகாரம் பெற்ற எந்தப் பட்டறையையும் ஏற்கும். கடையின் அட்டை, பெரும்பாலும் அந்தக் கடையின் சொந்தப் பட்டறையை மட்டுமே ஏற்கும். இந்த ஒரு வரியின் எடையை முதல் ரெகுலேட்டரை வாங்கும்போது நான் உணரவில்லை.

பதினான்காவது மாதத்தில் அதன் இரண்டாம் நிலை மெல்லச் சீறத் தொடங்கியது. சிலிண்டரைத் திறந்ததும் அமைதியாக இருக்கும். நான்கைந்து நிமிடங்கள் கழித்து வாய்ப்பகுதியிலிருந்து காற்று கசியும். நண்பர் ஒருவர் மிதவை ஜாக்கெட்டுக்குப் போகும் குழாயில் சிறிய அழுத்தமானி ஒன்றைப் பூட்டிக் காட்டினார். நல்ல ரெகுலேட்டரில், காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்தி விட்டதும் முள் துள்ளி எழுந்து ஓர் எண்ணில் பூட்டுப் போட்டதுபோல நிற்க வேண்டும். என்னுடையதில் முள் 9.4 பாரில் நின்றது, பிறகு 9.8, பிறகு 10.3 என்று எறும்பைப்போல ஊர்ந்து 11ஐத் தாண்டியது. அப்போது சீறல் கேட்டது. முதல் நிலையின் வால்வு முழுவதுமாக அடைக்காமல் உயரழுத்தக் காற்றை இடைநிலைப் பக்கம் கசியவிடுகிறது என்று அதற்குப் பொருள். சீறியது இரண்டாம் நிலை, பழுது முதல் நிலையில்.

கடையின் பட்டறைக்கு அனுப்பினேன். அது இருந்தது வேறு நாட்டில். பழுது பார்க்கப்போகும் பொருள், விற்பனைக்கன்று என்று சுங்கப் படிவத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் திரும்பி வரும்போது புதுப் பொருளைப்போல வரி விதிக்கப்படும் அபாயம் உண்டு. போகும் செலவு என்னுடையது. ஏழு வாரம் கழித்து, நெகிழி இருக்கையை மாற்றிவிட்டதாகவும், அது தேயும் பாகம் என்பதால் உத்தரவாதத்தில் வராது என்றும் ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. நான்கு மாதத்தில் அதே சீறல் மீண்டும் வந்தது.

இந்த முறை, அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற பட்டறை ஒன்றுக்கே கையில் எடுத்துச் சென்றேன். அந்த டெக்னீஷியன் முதல் நிலையைப் பிரித்து, பழைய இருக்கையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். உலோக விளிம்பு அழுந்திய தடம் ஒரு சீரான வளையமாக இருக்க வேண்டும். அதில் ஓரிடத்தில் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு இருந்தது. பிறகு விளிம்பையே திருப்பிக் காட்டினார்: அதே இடத்தில் ஒரு நுண்ணிய பள்ளம். அந்தப் பள்ளம் இருக்கும்வரை எத்தனை இருக்கைகள் மாற்றினாலும் ஒவ்வொன்றும் சில மாதங்களில் கசியும். வடிகட்டி சுத்தமாக இருந்தது. பச்சைக் களிம்பு இல்லை. ஆகவே கடல்நீர் உள்ளே போய் அரித்தது என்று சொல்ல இடமில்லை, இது செய்நேர்த்திக் குறைதான் என்பது அவருடைய கணிப்பு. அடுத்து வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் பதிவில் தேடினார். அந்த எண் வேறொரு விநியோகப் பகுதிக்கு அனுப்பப்பட்டது, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாக எங்கும் பதிவாகவில்லை. என் செலவில் பழுது பார்க்கத் தயார், உத்தரவாதத்தில் பார்க்க வழியில்லை என்றார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை.

கடைக்கு இந்தப் படங்களோடு எழுதினேன். அவர்கள் மறுக்கவில்லை, ஆனால் அந்த விளிம்புப் பாகம் தங்களிடம் இல்லை என்றார்கள். இதுதான் முடிச்சு. பல தயாரிப்பாளர்கள் அசல் பாகங்களையும் சர்வீஸ் கையேட்டையும் தங்களிடம் பயிற்சி பெற்ற பட்டறைகளுக்கு மட்டுமே தருகிறார்கள். அங்கீகாரம் இல்லாத கடை, ஓ-ரிங்கை வெளிச்சந்தையில் வாங்கிவிடலாம், இருக்கையைக்கூட எங்காவது தேடிப் பிடித்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கே உரிய உலோகப் பாகத்துக்கு எங்கே போகும்? நேர்மையான கடையாகவே இருந்தாலும், கையில் பாகம் இல்லாதபோது அதன் உத்தரவாதம் நல்லெண்ணம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இறுதியில் என் செலவில்தான் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் அதைச் சரிசெய்தேன். மலிவாக வாங்கியதில் மிச்சமானது முழுவதும் அதில் கரைந்தது.

அசல் பாகம் என்பதை வெறும் வணிகக் கட்டுப்பாடாகவும் பார்த்துவிட முடியாது. ஐரோப்பிய இஎன் 250 தரச் சோதனையில், 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் காற்று என்ற கடும் மூச்சு வேகத்தில் ரெகுலேட்டரை இயக்கி, மூச்சை இழுத்து விட ஆகும் உழைப்பு லிட்டருக்கு 3 ஜூலைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறியது குறிப்பிட்ட பாகங்களைக் கொண்ட அமைப்பு. வேறு இருக்கை, வேறு ஸ்பிரிங் போட்ட பிறகு அந்தச் சான்று பழைய பொருளில் நிற்காது. ஆக்சிஜன் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ள நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) கலவையைப் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம்: கருவியை ஆக்சிஜன் பயன்பாட்டுக்கென்றே துப்புரவு செய்து, சிலிகோன் கிரீஸுக்குப் பதிலாக அதற்குரிய மசகைத் தடவியிருக்க வேண்டும். எதைத் தடவினார் என்று சீட்டில் எழுதித் தராத பட்டறையை நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது ரெகுலேட்டரின் கதை சுருக்கமானது, ஏனென்றால் அதில் சிக்கலே எழவில்லை. வாங்கியவுடன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்தேன். இதில் இன்னொரு பயனும் உண்டு: ஒரு தொகுதியில் குறை கண்டு தயாரிப்பாளர் திரும்பப் பெறும்போது, பதிவு செய்தவர்களுக்கு நேரடியாகச் செய்தி வரும். முதல் ஆண்டு சர்வீஸை விற்பனையாளரிடமே செய்தேன். இரண்டாம் ஆண்டு பயணத்தில் இருந்ததால், முற்றிலும் வேறோர் ஊரில், அதே அங்கீகாரம் உள்ள இன்னொரு பட்டறையில் செய்தேன். அங்கே இரண்டாம் நிலையின் நெம்புகோல் ஒன்று வளைந்திருப்பதைக் கண்டு, பழைய பதிவைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே உத்தரவாதத்தில் மாற்றித் தந்தார்கள். கூலி மட்டும் நான் தந்தேன். உத்தரவாதம் இருந்தாலும் வழக்கமான சர்வீஸின் கூலி நம்முடையதுதான். சில தயாரிப்பாளர்கள் ஆண்டு தவறாமல் சர்வீஸ் செய்பவருக்குப் பாகங்களை இலவசமாகத் தருவதுண்டு, ஆனால் ஓர் ஆண்டு தவறினால் அந்தச் சலுகை போய்விடும் என்ற நிபந்தனையோடு. வாழ்நாள் உத்தரவாதம் என்ற சொல்லையும் இதே கவனத்தோடுதான் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும் செல்லும். அதன் உயிர், ஆண்டுதோறும் சர்வீஸ் ஏட்டில் பட்டறை இடும் முத்திரைகளில் இருக்கிறது.

கடையின் உத்தரவாதத்துக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டியது உண்டு. முதல் சில வாரங்களில் வெளிப்படும் குறைக்கு அவர்கள் விரைந்து புதிய பொருளையே அனுப்பிவிடுகிறார்கள். தயாரிப்பாளரின் வழியில் சில சமயம் பரிசோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். கடையின் பட்டறை நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருந்து, பாகங்களும் அவர்களுக்குக் கிடைக்குமானால், நான் மேலே அடுக்கிய குறைகளில் பாதி இல்லாமல் போகும். மறுபுறம், அங்கீகாரம் நிலையானதும் அன்று: இன்று பட்டியலில் உள்ள விற்பனையாளர் நாளை இல்லாமல் போகலாம், நிறுவனம் கைமாறலாம். அந்த நிலையிலும் உத்தரவாதம் தயாரிப்பாளரின் பெயரில் இருப்பதால் வேறு பட்டறையைத் தேடிப் போக முடியும். கடையே மூடப்பட்டால் கடையின் உத்தரவாதத்தோடு எங்கும் போக முடியாது.

ஆழத்தையும் நீரடியில் இருக்கும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் விஷயத்தில் என் அனுபவம் ஒரே ஒரு கருவியோடு நின்றுவிட்டது, ஆகவே இங்கே என் சொல்லை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆண்டு சர்வீஸ் என்ற ஒன்று இல்லாததால், கடைக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான தூரம் குறைகிறது. பழுதானால் பெரும்பாலும் சரிசெய்வதில்லை, மாற்றித்தான் தருகிறார்கள். பயனரே பேட்டரி மாற்றும் வகையில், ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள் ஒட்டி நீர் புகுந்தால், அது நம் தவறாகவே கணக்கிடப்படும். என் கம்ப்யூட்டரை அங்கீகாரம் இல்லாத கடையில்தான் வாங்கினேன், இதுவரை குறையில்லை. மிதவை ஜாக்கெட்டில் தையலும் காற்றுப்பையும் பற்றித்தான் கேள்வி. அதில் காற்று நிரப்பும் இன்ஃபிளேட்டர் வால்வு சேறும் உப்பும் படிந்து கெடுவது பராமரிப்புக் குறையாகவே பார்க்கப்படும்.

மறுவிற்பனையைப் பற்றி விற்றவனாக என்னால் பேச முடியாது, வாங்கப் பார்த்தவனாகப் பேச முடியும். பழைய ரெகுலேட்டர் ஒன்றை வாங்கப் போனபோது நான் முதலில் கேட்டது சர்வீஸ் ஏட்டைத்தான். அங்கீகாரம் பெற்ற பட்டறைகளின் முத்திரைகள் தொடர்ச்சியாக இருந்தால், உத்தரவாதம் எனக்கு மாறாவிட்டாலும், உள்ளே இருப்பவை அசல் பாகங்கள் என்பதற்கு அது ஆதாரம்.

இப்போது யார் கேட்டாலும் வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கடைக்கு எழுதிக் கேட்கச் சொல்கிறேன். தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள விற்பனையாளர் பட்டியலில் கடையின் பெயர் இருக்கிறதா? வரிசை எண் விலைப்பட்டியலில், வாங்குபவரின் பெயரோடு, அச்சாகி வருமா? ஆண்டு சர்வீஸை வேறு ஊரில் செய்தால் உத்தரவாதம் நிற்குமா? முதல் நிலையின் உலோகப் பாகங்கள் அவர்கள் பட்டறையில் கிடைக்குமா? இவற்றில் ஒன்றுக்கேனும் எழுத்தில் தெளிவான பதில் வராவிட்டால் அந்தக் கடையில் நான் ஃபின் வாங்குவேன், ரெகுலேட்டர் வாங்கமாட்டேன்.