கம்பஸில் ஓட்டிசம் பிள்ளைகளுக்கான ஆதரவுப் பிரிவு: பரீட்சைக்கு நல்லது, மற்ற நாளைக்கு?

ஏ.எல். பெறுபேறு வந்த கையோடு, "பிள்ளைக்கு ஓட்டிசம், கம்பஸில் ஏதும் உதவி இருக்குமா?" என்று விசாரிக்கிற பெற்றோர் கொழும்பில் நிறையப் பேர். அவர்களுக்காக, இங்குள்ள அரச பல்கலைக்கழகம் ஒன்றின் ஆதரவுப் பிரிவு பற்றி. பெயர் வேண்டாம், உள்ளே போனவர்களுக்குத் தெரியும்.

முதலில் பதிவு. உளநல வைத்திய நிபுணரின் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது. "இவருக்கு ஓட்டிசம் உள்ளது" என்ற ஒற்றை வரிக் கடிதம் திரும்பி வரும். எது சிரமம், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று இரண்டும் கடிதத்தில் இருக்கவேண்டும்: "சத்தத்தில் கவனம் சிதறும், தனியறை தேவை, எழுத்து மெதுவானது, மேலதிக நேரம் தேவை" என்பதுபோல. பழைய அறிக்கையில் "அஸ்பேர்கர்" என்றிருந்தால் புதுக் கடிதம் எடுத்துவிடுங்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது உளநல வைத்தியர்கள் நோய் நிர்ணயத்துக்குப் பாவிக்கும் அமெரிக்கக் கையேடு, அந்தப் பெயரை ஓட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. கவுன்டரில் இருக்கும் லிகிதருக்கு அது வேறு நோய். விண்ணப்பப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே.

பரீட்சை ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. 25 வீத மேலதிக நேரம், அதாவது 3 மணித்தியால வினாத்தாளுக்கு 45 நிமிடம் கூட. தனியறை, ஒரேயொரு மேற்பார்வையாளர், கேட்டால் இடைவேளை. இடைவேளையில் கடிகாரம் நிற்குமா ஓடுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய மேற்பார்வையாளரின் மனநிலையில் அதை விட்டுவைக்கக் கூடாது.

ஆனால் இந்த அனுமதி ஒரு செமஸ்டருக்குத்தான். அடுத்ததற்குத் திரும்ப விண்ணப்பிக்கவேண்டும். பிரிவு தருகிற கடிதம் பரீட்சைக் கிளைக்குத் தானாகப் போய்ச் சேரும் என்றும் நம்பவேண்டாம். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியைக் கையில் வைத்திருங்கள். இன்னொரு ஓட்டை: வகுப்பில் வைக்கிற 20 நிமிடச் சின்னப் பரீட்சைகள் துறையின் கையில். அங்கே இந்தக் கடிதம் செல்லுபடியாகாது என்று சொல்லிவிடுகிறார்கள். இறுதிப் புள்ளியில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

சட்டத்திலும் இதே இடைவெளிதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கும்போது பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அனுமதித்த பிறகு வகுப்பறைக்குள் என்ன செய்யவேண்டும் என்று விரித்துச் சொல்லவில்லை. அதைச் சொல்வது இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை. விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறார்கள்.

"அமைதி அறை" என்று ஒன்று இருக்கிறது. கையேட்டுப் படத்தில் அழகுதான். நேரில் போனால் கதவு பூட்டு. திறப்பு லிகிதரிடம், கேட்டால் "ஏன், என்ன நடந்தது?" என்பார். சத்தத்தில் தலை வெடித்து, வாயில் ஒரு சொல்லும் வராத நேரத்தில்தான் பிள்ளைக்கு அந்த அறை தேவை. அந்த நேரம் பார்த்து விளக்கம் கேட்டால்? உள்ளே பழைய டியூப்லைட், விடாத ரீங்காரம். சுவருக்கு அந்தப் பக்கம் போட்டோகொப்பி மெஷின். ஒரு எல்.ஈ.டி. பல்ப், மாணவர் அட்டை காட்டினால் கேள்வி கேட்காமல் கையில் திறப்பு என்றாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு மானியம் தேவையில்லை.

அன்றாடத்தில் பெரிய தொல்லை நேரசூசி. விரிவுரை இரத்தானால் அந்த வருட மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை 7.40க்கு ஒரு வரி, அதுவும் சிங்களத்தில். வெள்ளவத்தையில் பஸ் ஏறிய பிள்ளைக்கு அது எட்டுவதில்லை. வேலைநிறுத்தம் வந்தால் பரீட்சைத் திகதியே தள்ளிப்போகும். எல்லாருக்கும் எரிச்சல்தான், ஆனால் நாளை எண்ணி எண்ணித் தயாரான பிள்ளை குலைந்துபோகும். மாற்றங்களைத் தனியே மின்னஞ்சலில் அனுப்பும்படி எழுதிக் கேட்கலாம். கேட்டவர்களுக்குச் செய்கிறார்கள், தாமாகச் சொல்லமாட்டார்கள்.

பகிடிவதை பற்றிப் பிரிவுக்குப் போதிய விளக்கம் இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சரி. ஆனால் "நான் வரும்வரை இதிலேயே நில்" என்று சீனியர் சொன்னால், அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு இருட்டும்வரை நிற்கக்கூடிய பிள்ளை இது. பிரிவு கொடுப்பது ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும். பதற்றத்தில் கோல் எடுத்துப் பேச முடியாதவருக்கு அது பயன்படாது. மெசேஜ் அனுப்ப ஒரு இலக்கம் வேண்டும் என்று முதல் வாரமே கேளுங்கள்.

பிரிவுக்கு என் புள்ளி ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டரை பரீட்சைக்கு. மதியம் 12.15 முதல் 1 மணிவரை கவுன்டர் மூடியிருக்கும். தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் செவ்வாயும் வியாழனும் மட்டும், அதிலும் காலையில் போவது நல்லது.