எஃப்எஃப்எம்பெக் ஃபில்டர் கிராஃப்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

விரிவுரைக் காணொளிகளைச் சீர்செய்யும் வேலைக்காக, கட்டளை வரியில் இயங்கும் காணொளி மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் (FFmpeg) ஃபில்டர் கிராஃபை, அதாவது படத்தையும் ஒலியையும் மாற்றும் ஃபில்டர்களை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் வரைவை, பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். திரைப்பதிவின் மேல் பேசுபவரின் முகத்தைச் சிறிதாக்கி மூலையில் பொருத்த வேண்டும், ஒலியளவைச் சமன்செய்ய வேண்டும், தலைப்பு எழுத வேண்டும், கைபேசிக்கென்று நெடுக்குவாட்டில் இன்னொரு பிரதியும் எடுக்க வேண்டும். கோப்புதான் மாறுமே தவிர வேலை மாறாது என்பதால், எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொரு முறையும் மவுஸைப் பிடித்து இழுப்பதைவிட, ஒருமுறை எழுதிய கிராஃபை எல்லாக் கோப்புகளுக்கும் ஓட்டுவது எனக்கு வசதியாக இருக்கிறது.

இலக்கணம் சிறியது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஃபில்டர்களுக்கு நடுவே காற்புள்ளி, தனித்தனிச் சங்கிலிகளுக்கு நடுவே அரைப்புள்ளி, ஒரு சங்கிலியின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். நெடுக்குவாட்டுப் பிரதியையே எடுத்துக்கொள்வோம். 1920×1080 காணொளியை ஸ்ப்ளிட் என்ற ஃபில்டர் மூலம் இரண்டு பிரதிகளாக்கி, ஒரு கிளையை 1080×1920 சட்டம் நிரம்பும்படி பெரிதாக்கி, ஓரங்களை வெட்டி, மங்கலாக்கிப் பின்னணியாக வைக்கிறேன். மற்றொரு கிளைக்கு, அளவை மாற்றும் ஸ்கேல் ஃபில்டரில் அகலம் 1080, உயரம் -2 என்று கொடுத்தால், விகிதம் கெடாமல் 608 என்ற இரட்டைப்படை உயரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். பிறகு ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைக்கும் ஓவர்லே ஃபில்டர் அதை மேலிருந்து 656 பிக்சல் தள்ளி நடுவில் உட்கார வைத்துவிடும். பின்னணியைப் பெரிதாக்கிய பிறகு மங்கலாக்குவதைவிட, முதலில் நன்றாகச் சிறிதாக்கி, மங்கலாக்கி, கடைசியில் பெரிதாக்கினால் வேலை வெகு விரைவாக முடிகிறது. எப்படியும் மங்கப்போகும் படத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் ஸ்ப்ளிட்டை நம்பி எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. விரிவுரையின் இறுதியில் வரும் தொகுப்புரையை முன்னால் வைக்க, ஒரே உள்ளீட்டைப் பிரித்து, டிரிம் ஃபில்டரால் நறுக்கி, துண்டுகளை ஒட்டும் கான்கேட் ஃபில்டரில் இடம் மாற்றி இணைப்பது கிராஃபாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஓடும்போது கான்கேட் முதலில் கேட்பது இறுதிப் பகுதியை. அது வந்து சேரும்வரை முற்பகுதியின் பிரேம்கள் சுருக்கப்படாத நிலையில் நினைவகத்தில் வரிசைகட்டி நிற்கும். வழக்கமான 8 பிட், 4:2:0 நிற வடிவில் ஒரு 1080 பிரேம் ஏறக்குறைய 3.1 மெகாபைட், நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கே நான்கரை கிகாபைட்டுக்கு மேல் போகிறது. அதே கோப்பை இரண்டு உள்ளீடுகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்க நேரத்தையும் கால அளவையும் உள்ளீட்டுக்கு முன்னாலேயே குறிப்பிட்டுவிட்டால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

கான்கேட்டின் இன்னொரு பிடிவாதமும் பழகியவர்களுக்குத் தெரியும். இரண்டு துண்டுகளும் 1920×1080 ஆகவே இருந்தாலும், ஒன்றின் பிக்சல் விகிதம் (ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 1:1 என்றும் மற்றொன்றினுடையது வேறாகவும் பதிவாகியிருந்தால் இணைக்க மறுத்துவிடும். பிழைச்செய்தியில் அளவுகளைத் தாண்டி அந்தக் கடைசி எண்களையும் படிக்க வேண்டும். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் அந்த விகிதத்தை நிர்ணயிக்கும் செட்சார் ஃபில்டரைச் சேர்த்துவிடுவதே என் வழக்கம்.

ஒலிக்கு, ஒலியளவைச் சமன்செய்யும் லவுட்நார்ம் ஃபில்டர் போதுமானது, இரண்டு சுற்றாக ஓட்டுவதாக இருந்தால். முதல் சுற்றில் அளந்த மதிப்புகளை இரண்டாவதில் கொடுத்தால், இலக்கு எட்டக்கூடியதாக இருக்கும்வரை, ஒலி முழுவதும் ஒரே அளவில் உயர்கிறது. ஒரே சுற்றில் விட்டால் பேச்சுக்கு நடுவிலுள்ள அமைதியில் மின்விசிறிச் சத்தம் மேலெழுந்து வருகிறது. அந்த இயங்குமுறையில் வெளியீட்டின் மாதிரி வீதம் (sample rate) 192 கிலோஹெர்ட்ஸாக மாறிவிடும் என்பதால், 48 என்று நாமே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

தமிழில் தலைப்பு எழுதுவதுதான் நெடுநாள் தொல்லையாக இருந்தது. படத்தில் எழுத்தைப் பொறிக்கும் டிராடெக்ஸ்ட் ஃபில்டரின் பழைய வடிவம் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கியதால், ஒற்றைக்கொம்பு தான் சேர வேண்டிய எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அதனால், வசன வரிகளை வரையும் லிப்ஆஸ் நிரலகத்தின் வழியாக ஓடும் சப்டைட்டில்ஸ் ஃபில்டரையே தலைப்புக்கும் பயன்படுத்தினேன். 2023இல் வந்த 6.1 பதிப்பிலிருந்து டிராடெக்ஸ்ட்டும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரலகத்தைக் கொண்டு எழுத்தைக் கோப்பதால், இப்போது தமிழ் ஒழுங்காக வருகிறது. தலைப்பில் முக்காற்புள்ளியோ மேற்கோள்குறியோ வந்தால், அவை சிறப்புக் குறிகளாகக் கொள்ளப்படாமலிருக்க, கட்டளையை வாங்கும் ஷெல்லுக்கு ஒருமுறை, கிராஃபுக்கு ஒருமுறை, ஃபில்டருக்கு ஒருமுறை என்று பின்சாய்கோடுகளை அடுக்க வேண்டியிருக்கும். தலைப்பைத் தனி உரைக்கோப்பில் வைத்துப் படிக்கச் செய்வதே நிம்மதி.

கிராஃபையும் அப்படித்தான் தனிக்கோப்பில், வரிவரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். எந்தக் காணொளிக்கு என்ன செய்தேன் என்பதற்கு அதுவே பதிவேடு. கோப்பிலிருந்து கிராஃபைப் படிக்கும் பழைய விருப்பத்தை 7.0 பதிப்பில் கைவிடப்போவதாக அறிவித்து, விருப்பப் பெயருக்கு முன்னால் சாய்கோடு சேர்க்கும் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். அதனால் பழைய ஸ்கிரிப்டுகளைத் திருத்த வேண்டியிருந்தது.

தொடக்கத்தையும் முடிவையும் நறுக்குவது மட்டுமே வேலை என்றால் நான் கிராஃபைத் தொடுவதே இல்லை. ஃபில்டர் வழியாகப் போகும் படம் மறுபடியும் என்கோட் ஆகியே தீரும். மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுக்கும் ஸ்ட்ரீம் காப்பி, முழுப்படமாகச் சேமிக்கப்பட்ட கீஃபிரேமில்தான் வெட்டும் என்றாலும், விரிவுரைக்கு அந்தச் சில நொடி வித்தியாசம் பொருட்டில்லை.