பழைய பான் யூரோப்பியனும் பல் போன ஷாஃப்ட்டும்: ஓட்டிப் பார்த்தவரின் கணக்கு

செயினுக்கு எண்ணெய் விட வேண்டாம், டைட் பார்க்க வேண்டாம், பேண்ட்டில் கறை படாது. செயினுக்குப் பதில் ஓர் இரும்புத் தண்டு பின் சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட் டிரைவ் பைக்கை விற்கிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், வாங்குகிற நாமும் இதை நம்பித்தான் வாங்குகிறோம். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் செயின் தன் நிலைமையைத் தினமும் கண்ணுக்கு முன்னால் காட்டிக்கொண்டிருக்கும். தொய்ந்தால் தெரியும், துருப்பிடித்தால் தெரியும். ஷாஃப்ட், பின் சக்கரத்தைத் தாங்குகிற கையான ஸ்விங் ஆர்முக்குள் ஒளிந்திருப்பதால் அதன் கஷ்டம் வெளியே தெரிவதில்லை. தெரிய வரும்போது நாம் ரிக்கவரி வண்டிக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருப்போம்.

என்னுடையது 2006 மாடல் ஹோண்டா எஸ்டி1300. இங்கிலாந்தில் பான் யூரோப்பியன் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் 1261 சிசி வி4 எஞ்சின், 29 லிட்டர் டேங்க், பெட்ரோலோடு எடை போட்டால் 320 கிலோவுக்கு மேல். இங்கே போலீஸ்காரர்கள் வருஷக்கணக்கில் ஓட்டிய மாடல். வாங்கும்போது மீட்டரில் 52,000 மைல். இந்த எஞ்சினுக்கு அதெல்லாம் வயசே இல்லை. விற்றவர் சர்வீஸ் புத்தகத்தைக் கொடுத்தார். எஞ்சின் ஆயில், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் சீல் குத்தியிருந்தது. ஷாஃப்ட்டைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

முதல் வருஷம் முழுக்கச் சொகுசு. லண்டனில் இருந்து ஸ்காட்லாந்துக்கு ஒரே மூச்சில் போகலாம், இடுப்பு வலிக்காது. காற்றைத் தடுக்கிற முன் கண்ணாடியை ஒரு பட்டனில் ஏற்றி இறக்கலாம். மழையில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் நெஞ்சுப் பக்கம் நனையாது. ஊரில் 350 சிசி வண்டியில் கொடைக்கானல் ஏறி இறங்கிய உடம்புக்கு இது வேறு உலகம்தான்.

சத்தம் ஆரம்பித்தது இரண்டாம் வருஷம். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி திருகினால் பின்னால் இருந்து 'டொக்'. ஷாஃப்ட் வண்டிகளில் இந்த டொக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஷாஃப்ட்டின் சுற்றைப் பின் சக்கரத்துக்குத் திருப்பிவிடுகிற பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனுக்கு இடையில் ஒரு ப்ளே, அதாவது சிறு ஆட்டம், கியர்பாக்ஸில் ஒரு ப்ளே, எல்லாம் சேர்ந்து வரும். அதனால் இதைப் பெரிதுபடுத்தத் தோன்றாது, இந்தக் கோளாறு இவ்வளவு தூரம் வளர்வதற்கும் அதுதான் காரணம். கிளென்கோ பக்கம் ஏ82 சாலையில் மெதுவாக வளைந்து போகும்போது அந்த டொக், 'கரக்' ஆக மாறியிருந்தது. திரும்பி வரும் வழியில் எம்6 மோட்டார்வேயில் டீபே சர்வீஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பினால் கிளட்சை விட்டதும் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் இருந்து இரும்பை அரைக்கிற சத்தம். அத்தோடு சரி.

இன்சூரன்ஸோடு ரிக்கவரி இருந்ததால் வண்டி வீடு வந்து சேர்ந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். புது ஷாஃப்ட், கிரவுன் பினியன் அடங்கிய புது ஃபைனல் டிரைவ், கூலி என்று அவர்கள் சொன்ன தொகை நான் வண்டிக்குக் கொடுத்த விலையில் பாதியைத் தாண்டியது. அப்புறம்தான் லண்டன் ஹாரோவில் இருக்கும் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே லொறி வேலை பழகியவர், இங்கே வான்களும் கார்களும் பார்க்கிறார். பைக் அவருக்குத் தொழில் இல்லை. ஆனால் ஷாஃப்ட், அதன் மடங்கும் இணைப்பில் இருக்கும் கிராஸ், கிரவுன் பினியன் என்றால் பழகின சாமான்தான்.

அவர் ஒன்றையும் கழற்றாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, ஃபைனல் டிரைவின் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். என்னைப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். உள்ளே கிரவுன் வீலின் பற்கள் சக்கரத்தோடு சேர்ந்து நகர்வது தெரிந்தது.

"சில்லும் கிரவுனும் ஒண்டாச் சுத்துது தம்பி. அப்ப பின்பக்கம் பிழையில்லை. முன்னால ஷாஃப்ட்டிலதான் எங்கேயோ விட்டிருக்கு."

கிரவுன் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றியிருந்தால் சக்கரத்து ஸ்ப்லைன், அதாவது ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிற பல் வரிசை, போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு வேறு சாமான், வேறு செலவு. இந்த ஒரு சோதனைக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு டார்ச்சும் போதும். பழைய ஷாஃப்ட் வண்டி வைத்திருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சக்கரத்தைக் கழற்றி, ஃபைனல் டிரைவ் கேஸைப் பிடித்திருக்கும் நட்டுகளை எடுத்ததும் கேஸும் ஷாஃப்ட்டும் ஒன்றாகவே பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்தன. கேஸுக்குள் நுழையும் முனையில், பினியனின் இணைப்பான பினியன் ஜாயிண்ட்டோடு கோக்கும் இடத்தில், செங்கல் பொடி மாதிரி சிவப்பாகக் கொட்டியது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருந்தது, பிசுபிசுப்பே இல்லை. துணியால் துடைத்த பிறகு ஷாஃப்ட்டைப் பார்த்தோம். பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு உருளை. ஓரத்தில் மட்டும், பினியன் ஜாயிண்ட்டுக்குள் போகாத ஒரு சிறு வளையத்தில், பற்கள் முழு உயரத்தோடு அப்படியே புதுசாக நின்றன. அதைப் பார்த்தால்தான் எவ்வளவு இரும்பு தேய்ந்து போயிருக்கிறது என்று புரியும்.

"இஞ்ச பாருங்கோ, கிரீஸ் எண்டு ஒரு பொட்டும் இல்லை. ஆர் உங்களுக்கு இதைக் கடைசியாக் கழட்டினது?"

"தெரியலண்ணே. நான் வாங்கின பிறகு டயர் மட்டும் மாத்தியிருக்கேன்."

"டயர்க்காரர் சில்லைக் கழட்டுவினம், பூட்டுவினம். இதைத் தொடமாட்டினம்."

விஷயம் அவ்வளவுதான். ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளத்தில் சின்ன வித்தியாசம் வரும். அதற்கு இடம் கொடுக்கத்தான் முனைகளில் ஸ்ப்லைன் வைத்து, கொஞ்சம் முன்னும் பின்னும் வழுக்க விடுகிறார்கள். எஞ்சினின் முழு டார்க்கையும், அதாவது முறுக்கு விசையையும், தாங்கிக்கொண்டே நூலிழை அளவுக்கு உரசிக்கொண்டிருப்பதுதான் அந்தப் பற்களின் பிழைப்பு. இடையில் சரியான பேஸ்ட் இருந்தால் எத்தனை மைலும் ஓடும். காய்ந்துவிட்டால் உரசலில் இரும்புத் துகள் உதிரும், துகள் காற்றில் துருவாகும், அந்தத் துரு அரம் போட்டு மீதியையும் அறுக்கும். சிவப்புப் பொடி அந்தத் துருதான். வடிவமைப்பில் ஹோண்டா மேல் எனக்குக் குறை இல்லை. இந்த இடத்தில் மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிகமுள்ள பேஸ்ட் போட வேண்டும் என்று அவர்களுடைய மேனுவலே சொல்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கை மாறிய வண்டியில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

சாதாரண லித்தியம் கிரீஸ் போட்டால் ஆகாதா என்று நானும் கேட்டேன். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் இந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியே வந்துவிடும், மீதியைச் சுழற்சி வீசிவிடும். மாலிப்டினம் தகடு தகடாக இரும்பின் மேல் ஒட்டிக்கொள்கிற பொருள், அழுத்தினாலும் அங்கேயே கிடக்கும். ஹோண்டாவே எம்77 என்ற பேஸ்ட் விற்கிறது. ஒரு டியூப் விலை அதிகம்தான், ஆனால் ஒரு தடவைக்குக் கடலை அளவு சில உருண்டைகள் போதும். கருப்பாக இருக்கும். கையில் பட்டால் மூன்று நாளைக்கு விடாது, வெள்ளைச் சட்டையோடு தொடாதீர்கள்.

சாமான் தேடியது தனிக்கதை. ஷாஃப்ட்டை மட்டும் புதுசாக வாங்கிப் பழைய பினியன் ஜாயிண்ட்டில் கோத்தால் பணம் தண்டம். ஷாஃப்ட்டின் பல் தேய்ந்த அளவுக்கு எதிர்ப்பக்கமும் தேய்ந்திருக்கும், தேய்ந்த பள்ளம் புதுப் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். அதனால் ஷாஃப்ட்டும் ஃபைனல் டிரைவும் ஒரே வண்டியில் ஜோடியாக ஓடியதாகப் பார்த்து வாங்க முடிவு செய்தோம். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற பிரேக்கர் ஒருவரிடம் கிடைத்தது. முன்பக்கம் நொறுங்கிய வண்டி, பின்பக்கம் சுத்தம். அண்ணன் முதலில் ஃபோட்டோவிலேயே பார்த்தார். பல்லின் உச்சி தட்டையாக, அகலம் ஒரே சீராக இருக்கிறதா என்று தேடினார். தேய்ந்த பல்லின் உச்சி கூர்மையாகிவிடும், ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருக்கும். நேரில் போனபோது பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுனை அசைத்து ப்ளே பார்த்தார். வடிகட்டிய ஆயிலில் காந்தத்தை விட்டு எடுத்தார், மாவு போல மெல்லிய படிவம் மட்டும் வந்தது, உடைந்த இரும்புத் துண்டு எதுவும் இல்லை. 180 பவுண்டுக்குப் பேசி முடித்தோம். புது ஆயில் சீல், ஓ-ரிங், பேஸ்ட், கியர் ஆயில் எல்லாம் சேர்த்து இன்னொரு 70 பவுண்டு.

ஷாஃப்ட்டின் முன்பக்கம் மடங்குகிற இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்ட்தான் எனக்குப் பயமாக இருந்தது. அதை எடுக்க ஸ்விங் ஆர்மிலேயே கை வைக்க வேண்டும். அண்ணன் ரப்பர் உறையை விலக்கி, விரல்களை உள்ளே விட்டு ஜாயிண்ட்டை எல்லாத் திசையிலும் மெதுவாக மடக்கிப் பார்த்தார். கிராஸ் பேரிங் போயிருந்தால் நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுகிற உணர்வு வரும், ஏனென்றால் பெரும்பாலும் அந்த ஒரே கோணத்தில்தான் அது ஓடுகிறது. அப்படி எதுவும் இல்லை. முன்பக்க ஸ்ப்லைனிலும் பல் நன்றாகவே இருந்தது. தொடாமல் விட்டோம்.

மாட்டும்போதுதான் பொறுமை தேவைப்பட்டது. ஃபைனல் டிரைவ் கனமான சாமான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்விங் ஆர்மின் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஷாஃப்ட் முனையை ஜாயிண்ட்டோடு கோக்க வேண்டும். ஷாஃப்ட் தன் எடையில் தலையைத் தொங்கப் போடும். நான் அந்த ரப்பர் உறை வழியாக இரண்டு விரலால் முனையைத் தாங்கினேன். அவர் பின்னால் கிரவுனைப் பல் பல்லாகச் சுற்றினார். கையெல்லாம் மை. அரை மணி நேரம் போராடிய பிறகு 'டக்' என்று உள்ளே இறங்கியது. கேஸின் நட்டுகளை உடனே முழுசாக இறுக்க அவர் விடவில்லை. சக்கரத்தை மாட்டி, அச்சை மேனுவல் சொல்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கி, அதன் பிறகே கேஸின் நட்டுகளை இறுக்கினோம். முதலில் கேஸை இறுக்கிவிட்டால் சக்கரமும் கிரவுனும் துளி கோணலாகப் பூட்டிக்கொள்ளும், அந்தக் கோணலைச் சக்கரத்து ஸ்ப்லைன் தன் பல்லைக் கொடுத்துச் சரிசெய்யும்.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் தாண்டிவிட்டது. இங்கே குளிர்காலம் என்றால் சாலையில் உப்பு. வேல்ஸ் மலைப் பக்கம், பிரான்ஸ், மறுபடி ஸ்காட்லாந்து எல்லாம் போய் வந்தாயிற்று. டொக் சத்தம் முழுசாகப் போகவில்லை. முதல் கியரில் டிராஃபிக்கில் ஊரும்போது இன்னும் லேசாக வரும், அது இந்த வண்டியின் குணம் என்று விட்டுவிட்டேன். ஆக்சிலரேட்டரைத் திருகினால் பின்பக்கம் கொஞ்சம் எழும்பும், விட்டால் உட்காரும். பிஎம்டபிள்யூ 1987-இல் பாராலீவர் என்று ஒரு கூடுதல் கையை வைத்து இந்த எழும்புதலை அடக்கியது. இதில் அது கிடையாது, சில நாளில் பழகிவிடும்.

பின் டயர் 170/60-17. இவ்வளவு எடைக்கு அது எனக்கு 8,000 மைல் போல வருகிறது. இப்போது டயர்க் கடைக்கு வண்டியைக் கொண்டு போவதில்லை, சக்கரத்தை நானே கழற்றிக் கையில் கொண்டு போகிறேன். டயர் மாறி வருவதற்குள் சக்கரத்து ஸ்ப்லைனைத் துடைத்து, ஓ-ரிங் மாற்றி, கேஸையும் இறக்கிப் பேஸ்ட் போட்டுவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை போகும், அவ்வளவே. கழற்றும்போதெல்லாம் முதலில் துணியின் நிறத்தைத்தான் பார்க்கிறேன். கருப்பு வந்தால் பேஸ்ட் வேலை செய்கிறது, சிவப்பு எட்டிப் பார்த்தால் தண்ணீர் புகுகிறது. போன தடவை கருப்புதான்.

பழைய ஷாஃப்ட் பைக் வாங்கப் போகிறவர்கள் மைலைப் பார்த்து மயங்கவோ மிரளவோ வேண்டாம். 90,000 மைல் ஓடி, ஒவ்வொரு டயருக்கும் பேஸ்ட் போட்ட வண்டி, 30,000 மைலில் தொடப்படாத வண்டியைவிட எனக்கு நம்பிக்கையானது. விற்பவரிடம் கடைசியாக ஸ்ப்லைனுக்கு எப்போது பேஸ்ட் போட்டீர்கள் என்று கேளுங்கள். எந்த ஸ்ப்லைன் என்று அவர் திருப்பிக் கேட்டால் விலையில் 300 பவுண்டு குறைத்துப் பேசுங்கள். எம்ஓடி என்கிற வருடாந்திர வண்டிப் பரிசோதனையில் பாஸ் ஆகியிருக்கிறதே என்பது இதற்குப் பதிலே இல்லை, அந்தச் சோதனையில் எதையும் கழற்றிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அரசு இணையதளத்தில் பழைய எம்ஓடி விவரம் இலவசமாகக் கிடைக்கும். டயர் தேய்ந்தது என்று எந்தெந்த வருஷம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் எத்தனை டயர் மாறியிருக்கும் என்று ஊகிக்கலாம். அத்தனை டயருக்கும் பேஸ்ட் போட்ட ரசீது ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ப்ளே இருக்கும். முடியும் இடத்தில் அழுத்தமாக 'டொக்' என்று நின்றால் சரி. நறநறப்போ இழுவையோ இருந்தால் வேறு வண்டி பாருங்கள்.

எனக்கு அடுத்த வேலை யுனிவர்சல் ஜாயிண்ட். இன்னும் சத்தம் எதுவும் இல்லை, ஆனால் வயது அதற்கும் ஆகிறது. பிரேக்கரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்விங் ஆர்மைக் கழற்றும்போது அது அசையும் இடத்தில் இருக்கும் பிவட் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்பது அண்ணனின் யோசனை, அதற்கு 40 பவுண்டு தனியாக எடுத்து வைத்தாயிற்று.