போக்குவரத்து மேலாளர் வேலை: கிள்ளான் ஹாலேஜா, பினாங்குத் தொழிற்சாலையா?

லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமாவும் நாலைந்து வருட அனுபவமும் உள்ளவருக்கு மலேசியாவில் பெரும்பாலும் இரண்டு வழி. கோலாலம்பூரில் இருந்துகொண்டு கிள்ளான் பக்கம் ஹாலேஜ், அதாவது துறைமுகக் கொள்கலன்களை லாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும், நிறுவனம் ஒன்றில் சேரலாம். இல்லையென்றால் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போகலாம். நான் எடுத்தது முதலாவது. இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

போனஸ், மருத்துவ அட்டை, சனிக்கிழமை விடுமுறை எல்லாம் தொழிற்சாலைக்கே சாதகம். அதில் பேச ஒன்றுமில்லை.

வேலை எண்ணிக்கையில் கிள்ளான் முந்தும். ஆனால் துறைமுகப் புள்ளிவிவரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 2024இல் கிள்ளான் துறைமுகம் 20 அடிக் கணக்கில் 1.4 கோடிக்கு மேல் கொள்கலன்களைக் கையாண்டது. அதில் பெரும்பங்கு ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறும் பெட்டிகள். நம் லாரி அவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஷா ஆலம், ரவாங், நீலாய் கிடங்குகளுக்கு வந்து போகும் சரக்குதான் நமக்குச் சோறு.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது வேறு: நாளை வேலை மாறினால் உங்கள் அனுபவத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்?

தொழிற்சாலையில் லாரி பெரும்பாலும் ஒப்பந்தக்காரருடையது. மேலாளர் பார்ப்பது வாடகை விகிதம், கே2, கே8 சுங்கப் படிவங்கள், விமானத்துக்குச் சரக்கு ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம், கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குப் போகும் பாண்டட் லாரி (சுங்க வரி கட்டாத சரக்கை ஏற்ற அனுமதி பெற்றது). நுணுக்கமான வேலைதான், ஆனால் பாதி அந்த நிறுவனத்தின் மென்பொருளோடும் நடைமுறையோடும் ஒட்டிக்கிடக்கும். நிர்வாகம் மொத்தப் போக்குவரத்தையும் வெளியாருக்குக் கொடுத்துவிட்டால் முதலில் காலியாவது அந்த நாற்காலி.

ஹாலேஜில் கற்பது எந்த லாரி முதலாளிக்கும் தேவைப்படும். ஒரு பெட்டி தாமதமானால் மூன்று பில் வரலாம். துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் அங்கே இடவாடகை. காலிப் பெட்டி டிப்போவுக்குத் திரும்பப் பிந்தினால் கப்பல் நிறுவனத்தின் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம். வாடிக்கையாளர் இறக்காமல் வைத்திருந்தால் நம் டிரெய்லருக்கு நாம் போடும் வாடகை. கே1 (இறக்குமதிச் சுங்கப் படிவம்) விடுவிப்பு பிந்தியதா, பெட்டியை எடுக்கக் கப்பல் நிறுவனம் தரும் டெலிவரி ஆர்டர் வரவில்லையா, டிப்போ வாசலில் வரிசையா என்று பார்த்து, கேட் நேரத்தையும் கிடங்கில் கையெழுத்தான ரசீதையும் வைத்து மூன்றையும் பிரிக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் காசு நிறுவனத்தின் தலையில் விழும். இதைச் செய்து பழகியவரை இன்னொரு நிறுவனம் விடாது.

சட்டப் பக்கமும் அப்படித்தான். 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி வாடகைக்குச் சரக்கு ஏற்ற ஏ பிரிவு உரிமம், சொந்தச் சரக்குக்கு சி பிரிவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற மையத்தில் வாகனத் தகுதிச் சோதனை, டிரைவர்களின் ஜிடிஎல் (சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம்) காலாவதித் தேதி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தணிக்கைக்கான கோப்பு, 2025 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயமாகும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று எல்லாம் உங்கள் மேசைக்குத்தான் வரும். ஒரு விபத்து நடந்தால் அதிகாரிகள் முதலில் கேட்பதும் இந்தக் கோப்புகளைத்தான்.

விலையும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு டயர் வெடித்தால் போன் உங்களுக்கு. 2023இலிருந்து மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியருக்குப் பொதுவாகச் சட்டப்படி மிகைநேர ஊதிய உரிமை கிடையாது. ஆகவே இரவுப் பொறுப்புக்கான அலவன்ஸை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: எத்தனை பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் லாரித் தலை), எத்தனை டிரைவர்? 30 வண்டிக்கு 22 டிரைவர் என்றால் உங்கள் நாள் முழுக்க ஆள் தேடுவதிலேயே போகும். பழுதுபார்க்க எவ்வளவு தொகை வரை நீங்களே கையெழுத்திடலாம்? ஒரு டயருக்கும் முதலாளி கையெழுத்து வேண்டுமென்றால் பதவி பெயருக்குத்தான்.

பிறை, பத்து காவான் பக்கம் சொந்த லாரி வைத்திருக்கும் தொழிற்சாலை கிடைத்தால் என் வாதம் பாதி தளர்ந்துவிடும். வண்டியும் கையில், சனிக்கிழமையும் கையில். குளிர்பதன லாரி, பேருந்து நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நாற்பதைத் தாண்டி, பிள்ளைகள் பினாங்கில் படிக்கிறார்கள் என்றால் தொழிற்சாலையே சரி. முப்பதுக்குள் இருப்பவர் நான்கு வருடமாவது கிள்ளானில் வண்டி ஓட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பாயான் லெப்பாஸுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் திசையில் கதவு திறக்கும். எதிர்த்திசையில், டிரைவர் அட்டவணை போட்டே பழகாத ஒருவரை ஹாலேஜ்காரர்கள் மேலாளராக எடுக்கத் தயங்குவார்கள்.