ஆத்திரமா, சினமா, பொருமலா?

போன மாசம் ஒரு சிறுகதை எழுதினேன். அக்கா ராப்பகலா துணி தச்சு கட்டின சீட்டுப் பணத்த, அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம அப்பா தம்பிக்கு பைக் வாங்கக் குடுத்துடறாரு. அன்னிக்கு ராத்திரி அடுப்படியில அவ நிக்கிற எடம். முதல்ல 'அவளுக்குப் பயங்கர கோபம் வந்தது'ன்னுதான் எழுதினேன், படிச்சா சப்புன்னு இருந்துச்சு. பஸ் லேட்டானாலும் கோபம்தான் வரும், முன்னாடி பயங்கர, கடும்னு எதச் சேத்தாலும் அதுக்கு மேல ஏறல.

சினம் வெச்சுப் பாத்தேன். 'ஆறுவது சினம்' கூடவே வந்து நின்னுடுச்சு, அந்தச் சொல்லே புத்தி சொல்ற எடத்துல இருந்துதான் பேசுது. ராஜா கதைக்கு ஓகே, அடுப்படிக்கு ஒட்டல. வெகுளி இன்னும் கஷ்டம். தொல்காப்பியத்துல அது எட்டு மெய்ப்பாட்டுல, அதாவது ஒடம்புல வெளிய தெரியற உணர்ச்சிகள்ல, ஒண்ணு, உறுப்ப அறுக்கறது, குடியக் கெடுக்கறது, அலைக்கழிக்கறது, கொலைன்னு நாலு காரணத்துல பொறக்குற கோபம், ஆனா இன்னிக்கு 'வெகுளி'ன்னா சூதுவாது தெரியாத பொண்ணுன்னுதான் காதுல விழும். எரிச்சல், கடுப்பு ரெண்டும் கொசுக்கடிக்குப் போதும். சீற்றம் பத்தி உறுதியா சொல்ல மாட்டேன், சண்டைக் காட்சி நான் அதிகம் எழுதினதில்ல.

கடைசியில போட்டி ஆத்திரத்துக்கும் பொருமலுக்கும்தான். ஆத்திரம் நல்ல சொல்லு, பேச்சுலயும் எழுத்துலயும் ஒரே மாதிரி நிக்கும். ஆனா அதுல அவசரம் இருக்கு, 'ஆத்திர அவசரத்துக்கு'ன்னு சேத்தே சொல்றோம்ல. ஆத்திரப்பட்டவ உடனே ஏதாவது செஞ்சாகணும், பாத்திரத்தத் தூக்கி எறியணும், கதவ அறையணும். என் கதையில அவ அப்பாவ எதுத்து ஒரு வார்த்த பேச முடியாது.

இங்கதான் எனக்கு முடிவு ஆச்சு. எந்தக் கோபச் சொல்ல எடுத்தாலும், அந்தக் கோபம் வெளிய போக வழி இருக்கான்னு மட்டும் பாருங்க. ஆத்திரத்துக்கு வழி இருக்கு. குமுறலுக்கு இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு வரும், எரிமலை குமுறினா வெடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பொருமலுக்கு வழியே இல்ல. வயித்துப் பொருமல்னு சொல்றோமே, காத்து உள்ளயே நின்னு உப்பி, நிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம, அதே சொல்லுதான் மனசுக்கும். அவ தேய்ச்ச தோசைக்கல்லயே திரும்பத் திரும்பத் தேய்க்கிறான்னு எழுதிட்டு, கீழ 'உள்ளுக்குள்ள பொருமினா'ன்னு வெச்சதும் அந்த எடம் அசையாம நின்னுச்சு.

ஒரு சிக்கல் இருக்கு. பொருமல்ல பொறாமை வாடையும் உண்டு, தம்பி மேல வயித்தெரிச்சல்னு யாராவது படிச்சுடலாம். அதனால அந்த வரிக்கு முன்னாடியே சீட்டு நோட்டக் கொண்டு வந்தேன், இருபது மாசமும் அவ கையெழுத்து. அதுக்கப்புறம் கூடத்துல இருந்து அப்பா தண்ணி கேக்கறாரு, அவ கையத் தொடச்சுட்டு சொம்ப எடுத்துட்டுப் போறா.