டிராஃப்ட் உரிமையை வைத்துக்கொள்வதா, கைமாற்றுவதா? ஒரு கட்டணச் சேவையின் மதிப்புரை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், ஆண்டுதோறும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வே டிராஃப்ட். ஓர் அணி தன் கையில் உள்ள முதல் சுற்று டிராஃப்ட் உரிமையைக் கொண்டு இளம் வீரர் ஒருவரை எடுப்பது நல்லதா, அல்லது அந்த உரிமையைக் கொடுத்துத் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை வாங்குவது நல்லதா என்ற கேள்விக்கு விடை தருவதாகக் கூறும் இணையச் சேவை ஒன்றை, ஆண்டுச் சந்தா செலுத்தி ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். இளம் வீரர்களின் தரவரிசை, ஒவ்வோர் உரிமைக்கும் புள்ளி வழங்கும் மதிப்பு அட்டவணை, டிரேடுகளை, அதாவது அணிகளுக்கிடையிலான கைமாற்றங்களை, போட்டுப் பார்க்கும் கருவி ஆகிய மூன்றையும் இணைத்து, இறுதியில் ‘எடுக்கலாம்’ அல்லது ‘கொடுக்கலாம்’ என்று அது தீர்ப்புச் சொல்கிறது. இவ்வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவான குறைகளையே இங்கே பேசப்போவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் அதன் சிறந்த பகுதியைச் சொல்லிவிடுகிறேன். டிரேடு கருவி விதிகளை நன்கு அறிந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் ஓர் அணி முதல் சுற்று உரிமையே இல்லாமல் நிற்கக் கூடாது என்னும் ஸ்டெபியன் விதியை மீறும் டிரேடை உள்ளிட்டால், கருவி அதை மறுப்பதோடு காரணத்தையும் விளக்குகிறது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட வீரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை அவருடைய சம்பளம் டிரேடு கணக்கில் பூஜ்யமாகவே கொள்ளப்படும் என்பதையும், கையெழுத்திட்ட பிறகு முப்பது நாள் அவரைக் கைமாற்ற முடியாது என்பதையும் அது சரியாகக் கணக்கிடுகிறது. 2014-இல் முதலிடத்தில் எடுத்த ஆண்ட்ரூ விக்கின்ஸை மினசோட்டாவுக்குக் கொடுத்து கெவின் லவ்வைப் பெற முனைந்த கிளீவ்லாந்து, ஆகஸ்டு 23 வரை ஏன் காத்திருந்தது என்பது எனக்கு இந்தக் கருவியில்தான் முழுமையாக விளங்கியது. சந்தாப் பணத்தின் பெரும்பகுதிக்கு இது ஈடு என்றே சொல்வேன்.

மதிப்பு அட்டவணைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எந்த ஆண்டாக இருந்தாலும் முதலிடத்துக்கு ஒரே அளவு புள்ளிதான். பின்னர் சோபிக்காமல்போன ஆந்தனி பென்னட் முதலிடத்தில் எடுக்கப்பட்ட 2013-க்கும் நட்சத்திரமான விக்டர் வெம்பன்யாமா எடுக்கப்பட்ட 2023-க்கும் ஒரே விலை என்றால், அது விலைப்பட்டியலாகுமே தவிர மதிப்பீடு ஆகாது. 2013-ஐ மட்டமான ஆண்டு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அதே டிராஃப்டில்தான் பதினைந்தாவது இடத்தில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான யானிஸ் அன்டெடோகூன்போ கிடைத்தார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றை 2017-ஆம் ஆண்டின் டிரேடைச் சோதித்தபோது கண்டேன். பாஸ்டன் தன் முதலிட உரிமையை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் எதிர்கால முதல் சுற்று உரிமை ஒன்றையும் பெற்றது. ஃபிலடெல்ஃபியா மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. பாஸ்டன், பின்னாளில் நட்சத்திரமான ஜேசன் டேட்டமை எடுத்தது. அன்றைய தரவரிசையைக் கொண்டு சேவை ஃபிலடெல்ஃபியாவுக்கே ஆதாயம் என்றது. ஃபுல்ட்ஸ்தான் அந்த ஆண்டின் முதலிட வீரர் என்பது அன்று பரவலான கருத்து என்பதால் இந்தத் தீர்ப்பில் வியப்பில்லை. ஆனால் பாஸ்டன் நிர்வாகம் பொதுத் தரவரிசையைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. தான் விரும்பும் வீரர் மூன்றாம் இடத்திலும் கிடைப்பார் என்று ஓர் அணி நம்பினால், இரண்டு படி இறங்குவதில் அதற்கு இழப்பே கிடையாது. கூடுதலாக வரும் உரிமை முழுக்க லாபம். அணியின் சொந்தப் பட்டியலை உள்ளிடுவதற்கு இந்தச் சேவையில் ஓரிடமும் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது, பருவம் முடியும் வரை மாற்றம் வரவில்லை.

பழைய டிரேடுகளுக்கு மதிப்பெண் வழங்கும் பகுதி எனக்குச் சற்றே எரிச்சலூட்டியது. 2011-இல் பதினைந்தாவதாக எடுத்த கவாய் லெனார்டின் உரிமையை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து ஜார்ஜ் ஹில்லைப் பெற்றதற்காக இண்டியானாவுக்கு மிகத் தாழ்ந்த மதிப்பெண் இடப்பட்டிருக்கிறது. லெனார்டு 2014 இறுதிப் போட்டியின் சிறந்த வீரரானார் என்பது உண்மைதான். ஆயினும் ஹில்லை வைத்துக்கொண்டு இண்டியானா 2013-லும் 2014-லும் கிழக்குப் பிரிவின் இறுதி வரை சென்றதே! விளைவை மட்டும் பார்த்து முடிவுக்கு மதிப்பெண் போடுவது, வானிலை அறிக்கையை மழை பெய்த மறுநாள் திருத்துவது போன்றது.

ஒப்பந்த விவரங்களுக்குச் சேவை ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பத்தி. முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை. அடுத்த இரண்டும் அணியின் விருப்பத்தைப் பொறுத்தவை. நட்சத்திரங்களுக்கு ஏற்கெனவே பெருந்தொகை கொடுத்துவரும் அணிக்கு, நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் ஆடக்கூடிய ஒருவர் கிடைப்பதே உரிமையை விற்காமல் வைத்துக்கொள்வதற்கான வலுவான காரணம். லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்டு 2023-இல் நடைமுறைக்கு வந்த ஊதிய ஒப்பந்தம், மொத்தச் சம்பளத்துக்கு வகுத்த இரண்டாம் செலவு வரம்பைத் தாண்டும் அணிகள் பல வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்குவதைத் தடுத்துவிட்டதால், இக்காரணம் முன்பைவிட வலுத்திருக்கிறது. சேவையின் தீர்ப்பில் இது எங்கும் எடையிடப்படுவதாகத் தெரியவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அந்த மூன்றும் டிரேடு கருவிக்கு உரியவை. ஆண்டுச் சந்தா தேவையில்லை. பிப்ரவரியில் டிரேடு காலக்கெடு வரும் மாதத்துக்கும் ஜூனில் டிராஃப்ட் நடைபெறும் மாதத்துக்கும் மட்டும் சந்தா கட்டினால் போதும். தீர்ப்புப் பக்கத்தைத் திறக்காமலே கருவியைப் பயன்படுத்த முடியும். நான் இப்போது அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.